வீட்டுக்கு ஒரு கஜானா, பேருந்துக்கு இன்னொன்று

ஒரு வீடு கட்டுப்படியாகுமா என்பதை வாடகையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நகரத்தின் ஓரத்துக்குப் போகப் போக வாடகை குறையும். ஆனால் அங்கிருந்து வேலைக்குப் போய்வர இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தால், அல்லது கடன் வாங்கியாவது சொந்தமாக ஒரு வண்டி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது பெட்ரோலிலும் டிக்கெட்டிலும் போய்விடும். குடும்பத்துக்கு இது ஒரே செலவு. ஒரே சம்பளத்திலிருந்து போகிறது. அரசாங்கத்துக்கோ இது இரண்டு துறை, இரண்டு பட்ஜெட், பல நாடுகளில் இரண்டு வேறு மட்டத்து நிர்வாகம்.

அமெரிக்காவில், வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்கினால் அது கட்டுப்படியாகும் வீடு என்பது பழைய அளவுகோல். சிகாகோவில் இயங்கும் சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு இதை மாற்றிப் பார்த்தது: வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் அடங்குகிறதா? இப்படிக் கணக்குப் போட்டதும், மலிவு என்று பெயர் வாங்கியிருந்த பல புறநகர்கள் அந்தத் தகுதியை இழந்தன. அளவுகோல் எளிமையானதுதான். ஆனால் எந்த அலுவலகம் இந்தக் கூட்டுத்தொகைக்குப் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். கை தூக்க ஆள் இருக்காது.

அந்தக் கூட்டலைப் போடாததற்கு மெக்சிகோ கொடுத்த விலை பெரியது. இன்ஃபோனாவிட் என்ற தேசிய வீட்டு நிதியம் அங்கே 1972-இல் தொடங்கியது. தொழிலாளியின் சம்பளத்தில் 5 சதவீதத்துக்குச் சமமான தொகையை முதலாளி இந்த நிதியத்தில் கட்ட வேண்டும். அதிலிருந்து தொழிலாளிக்கு வீட்டுக்கடன் கிடைக்கும். ஆக, பணத்துக்குப் பஞ்சமில்லை. 2000-க்குப் பிறகு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கடன் கொடுத்தார்கள். கட்டுமான நிறுவனங்கள் நிலம் எங்கே மலிவோ அங்கே போய்க் கட்டின. மெக்சிகோ சிட்டிக்கு வடக்கே ஹுவேஹுவேடோகா, சும்பாங்கோ போன்ற ஊர்களில் ஒரே அச்சில் வார்த்த சின்னச் சின்ன வீடுகள் வயல்வெளியில் வரிசை கட்டி நின்றன. கடன் உண்டு, பத்திரம் உண்டு, வீடும் புதியது. வேலை மட்டும் ஒரு பக்கப் பயணத்துக்கே மணிக்கணக்கில் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தது தெரியவந்தது. கிட்டத்தட்ட ஏழு வீட்டுக்கு ஒன்று. எல்லாமே இந்தத் திட்டத்து வீடுகள் இல்லை. வன்முறை, வேலையிழப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் வீட்டுக்கடனைக் கட்டிக்கொண்டே நகரத்துக்குள் வேறு வாடகை வீட்டில் குடியிருந்தவர்களின் கணக்கை விளக்க, தூரம் ஒன்றே போதும்.

இது திட்டமிடாததால் வந்த வினை என்று சொல்வது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. திட்டம் போட ஆள் இருந்தது. அந்தத் திட்டத்தையும் பணத்தையும் நில அனுமதியையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டும் முடிச்சுதான் இல்லை.

எந்த நிலத்தில் எத்தனை மாடி, என்ன உபயோகம் என்பதைப் பெரும்பாலான நாடுகளில் உள்ளாட்சிதான் முடிவு செய்கிறது. ரயிலோ பேருந்தோ நகராட்சி எல்லையில் நிற்காது. ஒரு பாதை பத்துப் பதினைந்து ஊர்களைத் தாண்டிப் போகும். அதனால் போக்குவரத்துக்கென்று மாநகரப் பகுதி முழுவதற்கும் ஒரு ஆணையம் அமைப்பார்கள். அந்த ஆணையத்திடம் பணம் இருக்கும், நில அனுமதி இருக்காது. நகராட்சியிடம் நில அனுமதி இருக்கும். அது எப்படிக் கணக்குப் போடும்? அலுவலக வளாகமோ பெரிய கடையோ வந்தால் வரி வரும், பள்ளியில் கூடுதல் இடம் கேட்காது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வந்தால் செலவு கூடும், வரி அவ்வளவாக வராது. ஏற்கெனவே குடியிருப்பவர்கள் மனு எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். தேர்தலில் ஓட்டுப் போடப் போவதும் அவர்கள்தான், இனிமேல் குடிவர இருப்பவர்கள் இல்லை. வேலை எங்களுக்கு, வீடு பக்கத்து ஊருக்கு என்று ஒவ்வொரு நகராட்சியும் நினைத்தால் பக்கத்து ஊரும் அதையேதான் நினைக்கும்.

இந்த ஆசையின் வேரிலேயே கை வைத்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதியில் 1971-இல் ஒரு சட்டம் வந்தது. எந்த ஊரில் புதிதாகக் கடையோ தொழிற்சாலையோ அலுவலகமோ வந்தாலும், அதனால் கூடும் வரி அடிப்படையில், அதாவது வரி விதிக்கத்தக்க சொத்து மதிப்பில், 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகும். அங்கிருந்து, சொத்து மதிப்பு குறைந்த ஊர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்படி எல்லா ஊர்களுக்கும் பங்கு பிரியும். இதனால் வரிக்காக ஒரு வளாகத்தைப் பிடித்து இழுக்கும் வெறி கொஞ்சமாவது தணிகிறது. அரை நூற்றாண்டாக நடப்பில் உள்ள ஏற்பாடு. வரியில் கை வைக்க எந்த ஊர் சம்மதிக்கும் என்ற கேள்வியாலோ என்னவோ, இதைப் பார்த்துச் செய்தவர்கள் குறைவு.

நிலமும் பணமும் பிரிந்து நிற்பதை நெருங்கிப் பார்க்க சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒன்பது கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), 101 நகராட்சி, இருபதுக்கும் மேற்பட்ட போக்குவரத்து நிறுவனங்கள். பார்ட் எனப்படும் விரைவு ரயிலை முதலில் ஐந்து கவுண்டிகளுக்கும் சேர்த்துத்தான் யோசித்தார்கள். 1961-இல் சான் மட்டேயோ கவுண்டி செலவு அதிகம் என்று விலகியது. வரி கட்ட ஆள் குறைந்ததும், அடுத்த ஆண்டு மரின் கவுண்டியும் வெளியே போக நேர்ந்தது. மிச்சமிருந்த மூன்று கவுண்டிகளின் வாக்காளர்கள் 1962 நவம்பரில் 79 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 60 சதவீத ஆதரவு தேவைப்பட்டது. கிடைத்தது அதைவிட ஒரு சதவீதம் சொச்சம் கூடுதல். அந்த ரயில் சான் மட்டேயோவுக்குள் இருக்கும் விமான நிலையத்தை எட்ட 2003 ஆகிவிட்டது. ஒரு கவுண்டி எடுத்த முடிவு நாற்பது ஆண்டு வரைபடத்தில் ஓட்டையாக நின்றது.

இப்படிச் சிதறிக் கிடந்ததை ஒருங்கிணைக்க 1970-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் மாநகரப் போக்குவரத்து ஆணையத்தை உருவாக்கியது. பணத்தைப் பங்கிடுவது அதன் வேலை. வீட்டு எண்ணிக்கையைப் பங்கிடுவதற்கோ உள்ளாட்சிகளின் சங்கம் என்று வேறொரு அமைப்பு 1961-லிருந்தே இருந்தது. ஒரே பகுதிக்கு இரண்டு அமைப்பு, தனித்தனி ஊழியர்கள். ஊழியர்கள் ஒரே கூரைக்குக் கீழ் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், 2008-இல் மாநில அரசு எஸ்பி 375 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது: போக்குவரத்துத் திட்டம், நிலப் பயன்பாடு, வீட்டுத் தேவை மூன்றையும் ஒரே ஆவணத்தில், கார்பன் வெளியேற்ற இலக்கோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அதிலிருந்து பிறந்ததுதான் 2013-இல் வந்த ‘பிளான் பே ஏரியா’. 2050 வரைக்குமான பதிப்பு 2021-இல் வந்தது.

ஆவணம் ஒன்றாகிவிட்டது, அதிகாரம் ஒன்றாகவில்லை. இங்கேதான் போக்குவரத்து ஆணையத்தார் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். நகராட்சிகளுக்கு நேரடியாகக் கட்டளையிட முடியாது என்பதால், 2012-லிருந்து ஒரு மானியத்தில் நிபந்தனை சேர்த்தார்கள். மாநிலம் ஒப்புக்கொண்ட வீட்டுத் திட்டம் கையில் இருந்தால்தான் தெருவைச் சீரமைக்கப் பணம். அதிக வீடு கட்டும் ஊருக்கு அதிகப் பங்கு. சாலைப் பணத்தைக் காட்டி வீட்டு அனுமதி வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பெரிய தொகை இல்லை, பணக்கார ஊர் ஒன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனாலும் அதிகாரம் இல்லாத அமைப்பின் கையில் இருக்கும் ஒரே கயிறு அதுதான்.

மாநிலம் இன்னொரு கயிறு வைத்திருக்கிறது. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இத்தனை வீட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு எண்ணைப் பகுதிக்குக் கொடுக்கும். பகுதி அதை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2023 முதல் 2031 வரையிலான சுற்றில் வளைகுடாப் பகுதிக்கு வந்த எண் 4,41,176. சரியான திட்டம் தராத ஊரில், ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வருமானத்தினருக்கு ஒதுக்கும் கட்டுமானத்தை, உள்ளூர் நிலப் பயன்பாட்டு விதியைக் காட்டி மறுக்க முடியாது. இது உறைத்தது. பல ஊர்கள் அவசர அவசரமாகத் திட்டம் எழுதின. கவனியுங்கள், இது இடம் ஒதுக்கும் கடமைதான். கட்டப் பணம் யார் தருவார் என்பது அந்த எண்ணில் இல்லை.

பணத்துக்காக 2019-இல் வளைகுடாப் பகுதிக்கென்று தனியாக ஒரு வீட்டு நிதி ஆணையத்தை உருவாக்கினார்கள். அது 2024 நவம்பரில் 2,000 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்கெடுப்பு கேட்கத் தயாரானது. வாக்குச்சீட்டு வாசகத்தில் ஆண்டுச் செலவுத் தொகை தவறாக இடம்பெற்றது, வழக்குகள் வந்தன, ஆகஸ்ட்டில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதை 55 சதவீதமாகக் குறைக்கும் முன்மொழிவும் அதே நவம்பரில் தோற்றது. 2025-இல் கையெழுத்தான இன்னொரு சட்டம் ஐந்து கவுண்டிகளில் புதிய விற்பனை வரிக்கு வாக்கெடுப்பு நடத்த வழி திறந்தது. அந்தப் பணம் போக்குவரத்துக்கு. வீட்டுக்கு அதில் இடமில்லை. இரண்டையும் சேர்த்து எழுதிய ஆவணம் வந்து பன்னிரண்டு ஆண்டு கழித்தும் கஜானாக்கள் பழையபடி தனித்தனியாகவே நிற்கின்றன.

அந்தப் புது வரி எதற்குத் தேவைப்பட்டது என்பதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. போக்குவரத்துப் பணம் இரண்டு வகை: கட்டுவதற்கான பணம், ஓட்டுவதற்கான பணம். பாதை போட, பெட்டி வாங்க, நிலையம் கட்ட மத்திய அரசு கொடுக்கும், கடன் கிடைக்கும், அடிக்கல் நாட்ட அமைச்சர்கள் வருவார்கள். ஓட்டுநர் சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு அடிக்கல் கிடையாது. பார்ட் ரயில் பெருந்தொற்றுக்கு முன் தன் இயக்கச் செலவில் பாதிக்கும் மேல் டிக்கெட்டிலேயே தேற்றியது. அமெரிக்காவில் அது பெருமைக்குரிய விஷயமாக இருந்தது. 2020-இல் அலுவலகங்கள் வீட்டுக்குப் போனதும் அதே பெருமை கழுத்தைப் பிடித்தது. 2024 வரையிலும் பயணிகள் எண்ணிக்கை பழைய அளவில் பாதியைத் தொடவில்லை. டிக்கெட்டை நம்பாமல் அரசு மானியத்தில் ஓடிய பேருந்து நிறுவனங்களுக்கு அடி அவ்வளவு பலமாக விழவில்லை.

வீட்டுத் திட்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. நிலையத்தருகே வீடு கட்டுகிறவர், பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும் என்று நம்பித்தான் கார் நிறுத்துமிடத்தைக் குறைத்துக் கட்டுகிறார். ரயில் அரை மணிக்கு ஒன்றாகக் குறைந்தால் அந்த வீடு உடனே தூரத்து வீடாகிவிடுகிறது. கட்டடம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

ஓட்டுவதற்கான பணத்துக்குப் பிரான்ஸ் கண்ட வழி எனக்குப் பிடித்தது. 1971-இல் பாரிஸ் பகுதியில் தொடங்கி, பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. பதினொரு பேருக்குக் குறையாமல் ஊழியர் வைத்திருக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் சம்பளத் தொகையில் ஒரு சதவீதக் கணக்கைப் போக்குவரத்துக்காகச் செலுத்த வேண்டும். பாரிஸில் 2024 முதல் அது 3.2 சதவீதம். அந்தப் பகுதியின் போக்குவரத்தை இயக்கும் செலவில் ஏறத்தாழ பாதி இதிலிருந்து வருகிறது. ஊழியர் வேலைக்கு வந்துசேர்வதில் லாபம் முதலாளிக்கும் உண்டு, அவரும் கொடுக்கட்டும் என்பதுதான் தர்க்கம். வேலை எங்கே குவிகிறதோ அங்கிருந்தே பணம் வருகிறது என்பதால் பாதையின் தேவையும் வருமானமும் ஓரளவு சேர்ந்து வளர்கின்றன.

வீட்டுப் பக்கத்தில் பிரான்ஸ் வற்புறுத்தலை நம்பியது. 2000-இல் வந்த சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஊர்களில் மொத்த வீடுகளில் 20 சதவீதம் சமூக வாடகை வீடுகளாக, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான மானிய வாடகை வீடுகளாக, இருக்க வேண்டும். பின்னர் அது பல இடங்களில் 25 ஆனது. தவறினால் அபராதம். பல ஊர்கள் கட்டின. பாரிஸை ஒட்டிய பணக்கார ஊரான நெய்யி சூர் சேன் இருபது ஆண்டுக்குப் பிறகும் 10 சதவீதத்தைத் தொடவில்லை. அபராதம் கட்டும் வசதி இருந்தால் அது வெறும் இன்னொரு செலவுதான்.

நிலத்திலிருந்தே பணம் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உடனே ஹாங்காங்கைக் காட்டுவார்கள். அங்கே ரயில் நிறுவனத்துக்கு, ரயில் வருவதற்கு முந்தைய மதிப்பில் நிலையத்தைச் சுற்றிய நிலத்தில் கட்டும் உரிமையை அரசு தருகிறது. ரயில் வந்ததும் விலை எகிறும். அந்த வித்தியாசம் பாதையின் செலவை ஈடுகட்டும். போக்குவரத்துக்காரர்கள் இந்தக் கதையை ஆசையோடு சொல்வார்கள். மறுபக்கம் பாருங்கள்: இந்த ஏற்பாடு வேலை செய்ய நிலையத்தருகே வீட்டு விலை உயர்ந்துகொண்டே இருக்க வேண்டும். உலகிலேயே வீடு வாங்க மிகவும் சிரமமான நகரங்களில் ஹாங்காங் ஒன்றாக இருப்பதற்கு இது மட்டுமே காரணமில்லை. ஆனால் நில வருமானத்தை நம்பி நடக்கும் அரசு, நில விலை இறங்க வேண்டும் என்று மனதார ஆசைப்படாது. மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அங்கே அரசு வாடகை வீட்டிலோ மானிய விலை வீட்டிலோ இருப்பதால்தான் நகரம் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

ஒரே நில வருமானத்தை இரண்டுக்கும் பங்கு வைத்தது பிரேசிலின் சாவோ பாலோ. 2014 பெருந்திட்டம் மெட்ரோவையும் பேருந்துத் தடங்களையும் ஒட்டிய தெருக்களில் உயரமாகக் கட்ட அனுமதித்தது. கூடுதல் தளப் பரப்புக்குக் கட்டுமானக்காரர் கட்டணம் கட்ட வேண்டும். 2014 விதிப்படி அந்த நிதியில் குறைந்தது 30 சதவீதம் ஏழைகளுக்கான வீட்டு நிலம் வாங்க, 30 சதவீதம் பொதுப் போக்குவரத்துக்கும் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும். விதி தெளிவு. நடைமுறையில், மெட்ரோவை ஒட்டி எழும்பிய அடுக்குமாடிகளில் சின்னஞ்சிறு ஒற்றை அறை வீடுகள் பெருகின. ஏழைகளுக்கு என்று முத்திரை குத்தி, சலுகை வாங்கிக் கட்டிய வீடுகளை முதலீட்டாளர்கள் வாங்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட ஆரம்பித்தார்கள். 2025-இல் மாநகராட்சி அத்தகைய வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு விடத் தடை போட்டது. முத்திரை குத்துவதோடு வேலை முடிவதில்லை. யார் குடியேறினார் என்று ஆண்டுதோறும் கதவைத் தட்டிப் பார்க்க ஆளும் சம்பளமும் வேண்டும். அப்புறம், வீடா ரயிலா, எது முதலில் வருகிறது என்ற கேள்வி. டோக்கியோவுக்கு மேற்கே தாமா நியூ டவுனில் 1971-இல் மக்கள் குடியேறினார்கள். ரயில் 1974-இல் வந்தது. தனியார் ரயில் நிறுவனங்கள் கட்டுமானச் செலவைக் கண்டு தயங்கின. இடைப்பட்ட காலத்தில் பேருந்து பிடித்துப் பக்கத்து நிலையத்துக்குப் போய் ரயிலேற வேண்டியிருந்தது. மூன்று ஆண்டு தாமதத்தை ஜப்பான் பொருட்படுத்தியது, அதனால் நியூ டவுன் ரயில்களுக்கென்று மானியத் திட்டமே வந்தது. வேறு பல இடங்களில் இந்தத் தாமதம் இதைவிட நீண்டது.

வியன்னா இதைத் தலைகீழாகச் செய்தது. ஆஸ்பெர்ன் என்ற பழைய விமானத் தளத்தில் புதிய குடியிருப்பு ஒன்றைத் திட்டமிட்டார்கள். யு2 என்ற மெட்ரோ பாதை 2013 அக்டோபரில் அங்கே போய்ச் சேர்ந்தது. முதல் குடும்பங்கள் வந்தது 2014-இல். இதற்குப் பின்னால் இருப்பது மாயம் ஒன்றுமில்லை. வியன்னா ஒரே நேரத்தில் நகராட்சியும் மாநிலமும். மெட்ரோ நிறுவனம் நகரத்துக்குச் சொந்தம். வீட்டுக்கான நிலத்தை வாங்கி வைக்க 1984-லிருந்தே நகரத்துக்கு ஒரு நிதியம் உண்டு. மெட்ரோவுக்கென்று 1970-லிருந்து முதலாளிகள் ஊழியருக்கு இவ்வளவு என்று வாரக் கணக்கில் வரி கட்டுகிறார்கள்; 2012-இல் அதை 2 யூரோவாக உயர்த்தினார்கள். வீட்டுக்காகச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, முதலாளி பாதி, தொழிலாளி பாதி. முதலில் ரயிலா வீடா என்ற சண்டைக்கு அங்கே இரண்டு தரப்பே கிடையாது. முதலில் ரயிலைக் காலியாக ஓட்டுவதன் நட்டத்தையும் பின்னால் வீடு நிரம்புவதன் பலனையும் ஒரே கணக்கில் எழுத முடிகிறது.

எல்லா நகரமும் வியன்னா ஆகிவிட முடியாது, மாநில அந்தஸ்து கேட்டு வாங்குகிற விஷயமும் இல்லை. சின்ன முடிச்சுகள் போடலாம். சியாட்டில் பகுதியில் ரயில் கட்டும் ஆணையம், கட்டுமானம் முடிந்து மிஞ்சும் நிலத்தில் வீடு கட்டத் தகுந்ததில் 80 சதவீதத்தை, குறைந்த வருமானத்தினருக்குக் கட்டுபவர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று 2015-இல் மாநிலச் சட்டம் வந்தது. நிலத்தைப் பொது ஏலத்தில் விட்டால் ரயில் கணக்கில் நாலு காசு கூடும். அது வேண்டாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. திட்டம் தீட்டும் இடங்களில் இந்த ஒரு வரிக்கு இருக்கும் பலம் நூறு பக்கத் தொலைநோக்கு ஆவணத்துக்கு இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு, அதிகம் பேசப்படாதது: மலிவு எத்தனை ஆண்டுக்கு? அமெரிக்காவில் மலிவு வாடகை வீடு கட்டுபவர்களுக்கென்று 1986-லிருந்து நடக்கும் வரிச்சலுகைத் திட்டத்தில் வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 30 ஆண்டு. ஜெர்மனியில் மானியக் கடன் தீர்ந்ததும் வீடு சந்தை வாடகைக்குப் போய்விடும். அப்படிப் போய்ப் போய், 2006-இல் சுமார் 21 லட்சமாக இருந்த சமூக வாடகை வீடுகள் 2022-இல் 11 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. ஒரு மெட்ரோ பாதையின் ஆயுள் நூறு ஆண்டு. அதன் ஓரத்தில் கட்டிய மலிவு வீட்டின் ஆயுள் முப்பது என்றால், பாதையால் ஏறிய நில மதிப்பு முழுதாகக் கனியும் நேரத்தில்தான் அந்தக் குடும்பம் வெளியேற வேண்டிவரும். வியன்னா 2018-இல் கட்டட விதியைத் திருத்தியபோது கை வைத்தது இங்கேதான்: புதிதாக வீட்டு மண்டலமாக மாறும் பெரிய நிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு பரப்பு மானிய வீடுகளுக்கு, அதற்கான நில விலை தளப் பரப்பில் சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக் கூடாது. மெட்ரோ வரப்போகிறது என்று கேள்விப்பட்டு முன்கூட்டியே நிலத்தை வாங்கிப் போடுபவருக்கு அந்தப் பங்கில் லாபம் வைக்க இடமில்லை.